அடி பருத்த அடீனியம்: உள்ளே என்ன நடக்கிறது?

ஆவடி, அம்பத்தூர் மொட்டைமாடிகளில் அடி பருத்து, உச்சியில் இளஞ்சிவப்புப் பூவோடு நிற்கும் அடீனியம் ஆப்பிரிக்கக் குறுமரம். செனகல் முதல் கென்யா வரை அதன் சொந்த ஊர். அங்கே ஆள் உயரத்தைத் தாண்டும். இங்கே தொட்டிக்குள் அடங்கும். மே மாத வெயிலைத் தாங்கும் இந்தச் செடி, நவம்பர் மழையில்தான் சாகிறது. ஏன்?

முதலில் அந்தப் பருத்த அடியைப் பாருங்கள். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டின் சமையலறை டிரம்தான் அது. ஆப்பிரிக்காவின் சகேல் வறள்நிலத்தில் ஆண்டு மழை 20 முதல் 60 செ.மீ.; அதுவும் சில மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். அதனால், கிடைக்கும்போதே வேர் உறிஞ்சி டிரம்மை நிரப்பிவிடுகிறது.

அடுத்து, குழாய். செடியின் நீர் பெரும்பாலும் இலை வழியாகத்தான் ஆவியாகும். ஆகவே, வறட்சி நீண்டால் இலையை உதிர்த்துக் குழாயை மூடிவிடும். மொட்டையாக நிற்கிறதே என்று பதறி நீரூற்ற வேண்டாம்.

பிறகு, டிரம்முக்குப் பூட்டு. அரளிக் குடும்பத்துச் செடி என்பதால் சாறு நஞ்சு. ஆப்பிரிக்க வேடர்கள் அம்பு நுனியில் தடவியது. எனவே கவாத்து செய்யும்போது கையுறை அவசியம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை, பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். டிரம் நிறைந்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. மண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் அழுகும், பூஞ்சை அடித்தண்டுக்குள் ஏறும்.

ஆகவே, முதலில் அடியில் நிறையத் துளையுள்ள அகலத் தொட்டி. பின் கலவை: பருமணலும் செங்கல் ஜல்லியும் பாதிக்கு மேல், மீதி செம்மண்ணும் மட்கிய எருவும். பின் ஆறு மணி நேர வெயில். வாங்கும்போது விதைச்செடியாகக் கேளுங்கள். போத்துச் செடியில் அடி எளிதில் பருக்காது.

மழை தொடங்கியதும் கூரைக்கடியில் நகர்த்தி, நீரைக் குறையுங்கள். அவ்வப்போது அடியை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நலம். மண் காய்ந்து அடி இளகியிருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் கொழகொழத்தால் அழுகல். செடியைப் பிடுங்கி, அழுகியதை முழுதாக வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை நிழலில் வைத்து மறுபடி நடுங்கள்.

பிப்ரவரியில் கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். பூ கிளை நுனியில்தான் வரும். வெட்டிய இடத்தில் இரண்டு மூன்று கிளை பிரிந்தால், கோடையில் பூவும் அத்தனை மடங்கு.