உங்களுக்குத் தெரியுமா? கடல் தாண்டிய குடும்பத் தொழில்கள்

● தலைவலிக்குத் தேய்க்கும் டைகர் பாம் பிறந்தது ரங்கூனில், ஒரு சீன வைத்தியரின் மருந்துக்கடையில். 1908-இல் அவர் இறந்தபின் மகன்கள் பூன் ஹாவும் பூன் பாரும் தொழிலை எடுத்துக்கொண்டார்கள். 1920களில் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தார்கள். அண்ணன் பூன் ஹா, காரின் முகப்பில் புலித்தலையைப் பொருத்தி ஊர்வலம் வந்தவர். 1929-இல் பத்திரிகையே தொடங்கிவிட்டார். தைல விளம்பரத்துக்கு அடுத்தவர் பத்திரிகைக்கு எதற்குக் காசு கொடுப்பானேன்?

● ஜப்பானின் நோடா ஊரில் தலைமுறைகளாக சோயா சாஸ் தயாரித்த எட்டுக் குடும்பங்கள் 1917-இல் கூட்டுச் சேர்ந்தன. இன்றைய கிக்கோமன் அதுதான். ஒரு தலைமுறையில் குடும்பத்துக்கு ஒருவர் மட்டுமே கம்பெனிக்குள் வரலாம் என்று கட்டுப்பாடு. பங்காளிச் சண்டையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1957-இல் சான் பிரான்சிஸ்கோவில் விற்பனைக் கம்பெனி திறந்தவர்கள், அமெரிக்கர்களுக்கு ஜப்பானியச் சமையல் கற்றுக்கொடுக்கப் போகவில்லை. சூப்பர் மார்க்கெட்டிலேயே அடுப்பைப் பற்றவைத்து, சாஸில் ஊறிய இறைச்சித் துண்டுகளைச் சுட்டு, வருகிறவர்களுக்கு ருசிபார்க்கக் கொடுத்தார்கள். அமெரிக்கர்கள் தினம் தின்னும் இறைச்சிதான். சாஸ் மட்டும் புதுசு. என் கணக்கில் இதைவிடக் கெட்டிக்கார வியாபாரம் இல்லை.

இன்னொரு வேடிக்கை: சோயாவும் கோதுமையும் அமெரிக்காவிலிருந்து ஜப்பான் போய், சாஸாகி அமெரிக்காவுக்கே திரும்பிக்கொண்டிருந்தன. கப்பல் கூலி இரண்டு பக்கமும் தண்டம். 1973-இல் விஸ்கான்சினில் தொழிற்சாலை வந்ததும் அது தீர்ந்தது. விளைநிலம் போய்விடும் என்று முதலில் எதிர்த்த உள்ளூர் விவசாயிகளிடம் பேசிப் பேசித்தான் சம்மதம் வாங்கினார்கள்.

● சிப்பி சாஸுக்குப் பேர்போன ஹாங்காங்கின் லீ கும் கீ குடும்பம், 1972-இல் விலை குறைந்த சாஸ் ஒன்றை அமெரிக்காவுக்கு அனுப்பியது. சீனா பரிசளித்த பாண்டாக்களை அமெரிக்கா கொஞ்சிக்கொண்டிருந்த நேரம். லேபிளிலும் பாண்டா!

● இலங்கைத் தேயிலை மூட்டையாகக் கப்பலேறி, வெளிநாட்டில் கலப்பாகி, வேறு யாரோ ஒருவர் பெயரில் விற்றதை இளம் வயதில் லண்டனில் பார்த்தவர் மெரில் ஜே. பெர்னாண்டோ. இலங்கையிலேயே பாக்கெட் போட்டு, மகன்கள் டில்ஹான், மலிக் பெயர்களைச் சேர்த்து ‘டில்மா’ என்று 1980களில் ஆஸ்திரேலியாவில் இறக்கினார். விளம்பரத்திலும் அவரே தோன்றினார். இலங்கை மலைகளில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் மலையகத் தமிழர்கள். அவர்கள் முகம் இந்த அளவுக்குப் பிரபலமாகவில்லை.

● திருப்பூரில் ஒரே டி-ஷர்ட் நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம் என்று நாலு யூனிட் ஏறி இறங்கும். சிறு யூனிட்கள் சிலவற்றில் முதலாளியும் மெஷினில் உட்காருவார். ஏற்றுமதி ஆர்டரில் இவர்கள் பெயர் எங்கும் வராது.

● இந்தியாவிலிருந்து நீங்களே ஏற்றுமதி செய்ய நினைத்தால், கம்பெனி பதிவு கட்டாயமில்லை. தனி ஆளே ஐ.ஈ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்ணை வாங்கலாம்; கட்டணம் 500 ரூபாய். இப்போது பான் எண்ணேதான் ஐ.ஈ.சி. எண். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதற்கான அரசு இணையதளத்தில் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். மறந்தால் எண் முடங்கிவிடும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்.