1977ல் ஆசியாவில் மூன்றாம் இடம்: நம் மகளிர் காற்பந்து அணி கடந்து வந்த பாதை

தேக்கா ஈரச்சந்தையில் சென்ற மாதம் ஒரு செய்திக்காக நின்றிருந்தபோது, காய்கறிக் கடையில் பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் என் கழுத்திலிருந்த செய்தியாளர் அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏம்மா, பொம்பளப் பிள்ளைங்களுக்கும் சிங்கப்பூர் டீம் இருக்கா? என் மக காற்பந்துலதான் சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அதுல போயி என்ன ஆகப்போகுது?”

இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் அதற்குமேல் சொல்ல எனக்கே அதிகம் தெரியவில்லை. ராஜகோபாலையும் சுந்தரமூர்த்தியையும் பற்றி அப்பாவும் சித்தப்பாவும் பேசக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. மகளிர் அணியைப் பற்றி அங்கே ஒரு பேச்சும் எழுந்ததில்லை. தேடிப் படித்தபோது வியப்பாக இருந்தது. நம் மகளிர் அணி நேற்று முளைத்தது அன்று. ஆசியாவில் பெண்கள் காற்பந்து தொடங்கிய நாளிலேயே சிங்கப்பூர் அங்கு இருந்திருக்கிறது.

*தடையிலிருந்து தொடக்கம்*

இந்த விளையாட்டை உலகெங்கும் கொண்டு சென்ற இங்கிலாந்தில், முதல் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் அணிகள் அமைத்து ஆடினார்கள். 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் அரங்கில் டிக் கெர் மகளிர் அணியின் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம், காற்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று கூறி, தன் உறுப்பு மன்றங்களின் திடல்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. அந்தத் தடை விலக ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின.

பிரிட்டிஷார் வழியாக வந்த காற்பந்து இங்கும் ஆண்கள் விளையாட்டாகவே வேரூன்றியது. குதிரைப் பந்தயத் திடலாக இருந்து விளையாட்டுத் திடலான ஃபேரர் பார்க்கும், 1929ல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கும் பல தலைமுறை ஆட்டக்காரர்களை உருவாக்கின. இரண்டுமே தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தூரம்தான். அங்கே ஆடிய பெண்களைப் பற்றி நம் வீடுகளில் கதைகள் இல்லை.

ஆனாலும் இங்கிலாந்தில் தடை விலகுவதற்கு முன்பே ஆசியாவில் ஒரு முயற்சி தொடங்கிவிட்டது. 1968ல் ஹாங்காங், தைவான், மலேசியா ஆகியவற்றுடன் சிங்கப்பூரும் சேர்ந்து ஆசிய மகளிர் காற்பந்துக் கூட்டமைப்பை உருவாக்கின. உலகக் கிண்ணம் என்ற பேச்சே இல்லாத காலம் அது. பெண்களுக்கான முதல் ஃபிஃபா உலகக் கிண்ணப் போட்டி நடந்தது 1991ல்தான்.

*பதக்க ஆண்டுகள்*

முதல் ஆசிய மகளிர் வெற்றியாளர் போட்டி 1975ல் ஹாங்காங்கில் நடந்தது. பங்கேற்ற ஆறு அணிகளில் சிங்கப்பூரும் ஒன்று. நியூசிலாந்து கிண்ணத்தை வென்றது.

இரண்டாண்டுகள் கழித்து, 1977ல் தைப்பேயில் நடந்த போட்டியில் சிங்கப்பூர் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. 1983ல் பேங்காக்கில் நான்காம் இடம். 1985ல் அதே பேங்காக்கில் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் மகளிர் காற்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, தாய்லாந்து தங்கமும் சிங்கப்பூர் வெள்ளியும் பிலிப்பீன்ஸ் வெண்கலமும் வென்றன.

இந்தப் பதக்கங்களைப் பெரிதுபடுத்திச் சொல்லவும் கூடாது. அன்று களமிறங்கிய நாடுகள் மிகக் குறைவு. ஆனால், வர நினைக்காத நாடுகள் பல இருந்தபோது நாம் ஓர் அணியை அனுப்பியிருந்தோம். பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டே, சம்பளம் ஏதுமின்றி ஆடிய பெண்கள் பெற்றுத் தந்த இடங்கள் அவை. அதற்குப் பிறகு ஆசியாவின் முதல் நான்கு இடங்களை நாம் எட்டவே இல்லை.

*எங்கே பின்தங்கினோம்?*

முதல் காரணம், மற்றவர்கள் வந்து சேர்ந்தது. 1986ல்தான் சீனா இந்தப் போட்டிக்கு வந்தது. வந்த ஆண்டே வென்று, 1999 வரை தொடர்ந்து ஏழு முறை கிண்ணத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. வடகொரியாவும் தென்கொரியாவும் அடுத்தடுத்து வந்தன. அரசாங்க ஆதரவுடன் முழுநேரம் பயிற்சி செய்த ஆட்டக்காரர்களுக்கு முன்னால், வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்கு வந்த நம் பெண்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இரண்டாவது காரணம் நம் பக்கம் இருக்கிறது. தேசிய அணி என்பது போட்டிக்கு முன்பு சில வாரங்கள் கூடிக் கலையும் கூட்டமாக இருந்தால் போதாது. ஆட்டக்காரர்கள் வாரந்தோறும் தரமான போட்டிகளில் ஆடவேண்டும். அதற்கு லீக் போட்டி வேண்டும், மன்றங்கள் வேண்டும், மன்றங்களுக்குக் கீழே இளையர் அணிகள் வேண்டும். இவை இங்கே விட்டுவிட்டுத்தான் நடந்தன. 2017, 2019 தென்கிழக்காசிய விளையாட்டுகளின் மகளிர் காற்பந்தில் சிங்கப்பூர் அணியே இல்லை. ஒரு பெண் 16 வயதில் கனவு கண்டு, 20 வயதில் உச்சத்துக்கு வரும்போது அவருக்கு ஆடுவதற்குப் போட்டி இல்லையென்றால், அடுத்து வரும் தங்கையும் அந்தக் கனவைக் காணமாட்டார்.

மூன்றாவது காரணம் பள்ளிகளில் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து கிடைக்கும் அளவுக்குக் காற்பந்து இணைப்பாட நடவடிக்கையாகக் கிடைப்பதில்லை. காற்பந்து உள்ள பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு, வீவக புளோக்கின் கீழ்த்தளமும் உதவாது. அங்கேதான் பந்து விளையாடக் கூடாது என்று பலகை தொங்குகிறதே!

*நமக்குப் பின்னால் நின்றவர்கள்*

வளர்ச்சி எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு நாடுகளைப் பார்க்கலாம்.

1977ல் சிங்கப்பூர் மூன்றாம் இடம் பிடித்த அதே போட்டிக்கு ஜப்பான் தேசிய அணியை அனுப்பவில்லை. எஃப்சி ஜின்னான் என்ற மன்ற அணிதான் ஜப்பான் சார்பில் போனது. ஜப்பானியத் தேசிய மகளிர் அணியின் முதல் அதிகாரபூர்வ அனைத்துலக ஆட்டம் 1981ல் நடந்தது. அதில் தோல்வி. ஆனால் 1989ல் அவர்கள் ஒரு தேசிய மகளிர் லீக்கைத் தொடங்கினார்கள். பணமில்லாத ஆண்டுகளிலும் அதை நிறுத்தவில்லை. 2011ல், நிலநடுக்கமும் சுனாமியும் நாட்டை உலுக்கிய சில மாதங்களில், ஜப்பானியப் பெண்கள் ஃபிராங்ஃபர்ட் நகரில் அமெரிக்காவைப் பெனால்டிகளில் வென்று உலகக் கிண்ணத்தைத் தூக்கினார்கள்.

ஜப்பான் பெரிய நாடு, நாம் ஆறு மில்லியன் பேர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியானால் பிலிப்பீன்ஸைப் பாருங்கள். மக்கள்தொகை பெரிதுதான், ஆனால் கூடைப்பந்துமீது பித்தாக இருக்கும் நாடு. 1985ல் மேடையில் நமக்கு ஒரு படி கீழே நின்ற அணி அது. அடுத்த தென்கிழக்காசியப் பதக்கத்துக்கு அவர்கள் 37 ஆண்டுகள் காத்திருந்தார்கள். பிறகு அமெரிக்காவில் வளர்ந்த பிலிப்பினோ வம்சாவளிப் பெண்களைத் தேடிச் சேர்த்து, நல்ல பயிற்றுநரை அமர்த்தி, வெளிநாடுகளில் நீண்ட பயிற்சி முகாம்கள் நடத்தினார்கள். 2022ல் தென்கிழக்காசியாவில் வெண்கலம். அதே ஆண்டு ஆசியான் வட்டாரக் கிண்ணம். 2023 உலகக் கிண்ணத்தில் போட்டியை ஏற்று நடத்திய நியூசிலாந்தை வெலிங்டனில் 1-0 என வீழ்த்தினார்கள். 1975ல் ஆசியக் கிண்ணத்தை வென்ற அதே நியூசிலாந்தை!

அவர்களுடைய வழி அப்படியே நமக்குப் பொருந்தாது. நம்மவர்கள் அவ்வளவு பேர் வெளிநாடுகளில் காற்பந்து ஆடி வளரவில்லை. ஆனால் திட்டமிட்டுத் தொடர்ந்து ஆடும் அணி முன்னேறும் என்பதை இரண்டு கதைகளுமே காட்டுகின்றன.

*ஹாங்ஜோவில் விழுந்த 17 கோல்கள்*

2023 செப்டம்பரில் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளுக்கு நம் மகளிர் அணி போனது. ஒரே பிரிவில் இருந்த கம்போடியா விலகிக்கொண்டதால், வடகொரியாவுடனேயே இரண்டு முறை மோதவேண்டி வந்தது. முதல் ஆட்டத்தில் 0-7, அடுத்ததில் 0-10.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ‘எதற்கு இந்த அணி?’ என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கும் படிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எதிரணி இளையர் உலகக் கிண்ணங்களை வென்று பழகிய நாடு. அத்தகைய அணியோடு ஆடாமல் ஒதுங்கினால் அந்த இடைவெளி குறைந்துவிடுமா? நம் ஆண்கள் அணி தோற்றபோதெல்லாம் நாம் பயிற்றுநரைத் திட்டினோம், சங்கத்தைத் திட்டினோம். ஆண்கள் காற்பந்தே வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

*மாறிவரும் நிலை*

கொவிட்-19 காலத்தில் முடங்கிய மகளிர் லீக், டெலாய்ட் நிறுவனத்தின் ஆதரவுடன் 2022ல் மகளிர் பிரிமியர் லீக் என்ற பெயரில் திரும்ப வந்தது. லயன் சிட்டி செய்லர்ஸ் மன்றம் 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. ஒரே மன்றம் எப்போதும் வெல்வது லீக்குக்கு நல்லதல்ல என்ற பேச்சு இருந்தாலும், ஒரு மன்றமாவது பெண்கள் அணியைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறது என்பது முக்கியம். 2022ல் வியட்னாமில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் சிங்கப்பூர் மகளிர் அணி மீண்டும் களம் கண்டது.

இதே காலத்தில் பலரும் கேள்விப்பட்ட பெயர் டேனல் டான். 2004ல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே தேசிய அணிக்கு வந்தவர். இங்கிலாந்தின் லண்டன் பீஸ், ஜெர்மனியின் பொருசியா டோர்ட்மண்ட் மகளிர் அணிகளில் ஆடிவிட்டு, 2024ல் ஜப்பானின் டோக்கியோ வெர்டி பெலெசா மன்றத்தில் சேர்ந்தார். பெலெசா 1981ல் உருவான மன்றம். ஜப்பான் தேசிய அணி தன் முதல் ஆட்டத்தில் தோற்ற அதே ஆண்டு. நாம் நிறுத்தி நிறுத்தித் தொடங்கிய காலமெல்லாம் விடாமல் நடந்த மன்றத்துக்கு, நம் பெண் ஒருவர் ஆடப் போனார்.

*நம் வீட்டுப் பிள்ளைகள்*

இதில் தமிழர்களுக்கு என்ன என்று கேட்டால், பதில் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. இந்தியாவில் மகளிர் காற்பந்து என்றாலே மணிப்பூர்தான் என்றிருந்த நிலையில், 2018ல் கட்டாக்கில் நடந்த தேசிய வெற்றியாளர் போட்டி இறுதியாட்டத்தில் தமிழ்நாட்டு அணி மணிப்பூரை 2-1 என வென்றது. 2019ல் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023ல் தமிழ்நாடு மீண்டும் தேசிய வெற்றியாளர் ஆனது.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் கடலூர் போன்ற ஊர்கள் இருக்கின்றன. சுனாமி தாக்கிய அந்த மாவட்டத்தில் ஒரு பயிற்சிக்கழகமும், காலையும் மாலையும் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்து வந்த பயிற்றுநரும் சேர்ந்து ஒரு தலைமுறையையே வளர்த்தார்கள். கடலூரில் வளர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் துணை ஆய்வாளராகவும் ஆனார். “அதுல போயி என்ன ஆகப்போகுது?” என்ற கேள்வி அந்த வீடுகளிலும் எழுந்திருக்கும். அங்கே காற்பந்து அரசாங்க வேலைக்கு ஒரு வழியாகவும் இருந்தது.

இங்கே நிலைமை வேறு. நம் பிள்ளைகளுக்கு வேலைக்காகக் காற்பந்து தேவையில்லை. தடுப்பது பெரும்பாலும் நேரமும் துணைப்பாட வகுப்பும், ‘வெயிலில் கறுத்துப் போவாய்’ என்ற வீட்டுப் பேச்சும்தான். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு ஆண்டில் விளையாட்டை நிறுத்தினால், பெண் பிள்ளைகளில் பலர் திரும்ப வருவதில்லை. அண்ணன் தம்பிக்குத் தேர்வு முடிந்ததும் காலணி வாங்கித் தரும் வீட்டில், அவளுக்கும் ஒரு ஜோடி வாங்கித் தந்தால் கதை மாறலாம்.

ஃபேரர் பார்க் பகுதியில் விளையாட்டு வசதிகளுடன் கூடிய புதிய வீவக பேட்டை வரவிருக்கிறது. அந்தத் திடலில் மாலை நேரத்தில் யார் ஆடப்போகிறார்கள் என்பதைக் குடியிருக்கப் போகிறவர்களும்தான் தீர்மானிப்பார்கள்.

அந்த அக்காவை மறுபடியும் சந்தையில் பார்த்தேன். 1977, 1985 கதைகளைச் சொன்னேன். “அப்பவே ஆடியிருக்காங்களா!” என்றார். பள்ளியில் காற்பந்து இல்லையென்றால் ஆக்டிவ்எஸ்ஜி காற்பந்துப் பயிற்சிக்கழகத்தில் விசாரிக்கலாம் என்றும், மகளிர் லீக் ஆட்டம் ஒன்றுக்கு மகளை அழைத்துப் போய்க் காட்டலாம் என்றும் சொன்னேன்.

“சனிக்கிழமை துணைப்பாடம் இருக்கே” என்று யோசித்தார். பிறகு, “ஒரு வாரம் போகாட்டி ஒண்ணும் ஆயிடாது” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.