உடைந்த தாடையும் குடிப்பழக்கமும்

முகத்திலுள்ள எலும்புகளுள் அசையக்கூடியது கீழ்த்தாடை ஒன்றே. பேசவும் மெல்லவும் விழுங்கவும் இடையறாது உழைக்கும் இவ்வெலும்பு குதிரை லாட வடிவில் அமைந்தது. ஆகவே ஒரு புறம் அடிபட்டால், மறுபுறம் காதருகே முறிவதும் உண்டு. நம் நாட்டில் தாடை முறிவுக்குப் பெருங்காரணம் மோட்டார் சைக்கிள் விபத்துகளாகும். கைகலப்பில் பட்ட குத்தும், உயரத்திலிருந்து விழும் செம்பனைக் குலையும் தாடையை முறிக்க வல்லவையே.

முறிந்த எலும்பை மருத்துவர் ஒட்டவைத்துவிடுவார் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. முறிந்த முனைகளை நேர்ப்படுத்தி, அசையாமல் பிடித்து வைப்பதே மருத்துவரின் பணி. அதற்காகச் சிறு டைட்டானியத் தகடுகளைத் திருகாணியால் பொருத்துவர். அல்லது மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் பிணைத்து வாயை மூடி வைப்பர். சிலருக்கு இரண்டும் தேவைப்படும். எலும்பை வளர்த்து ஒட்டவைப்பது நோயாளியின் உடலே. முறிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, அதில் மென்மையான இழை தோன்றி, பின்னர் அது இறுகி எலும்பாகிறது. இதற்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அவ்வாரங்களுள் பெரும்பகுதி மருத்துவமனையிலன்று, வீட்டிலேயே கழிகிறது. சம்சுவும் சிகரெட்டும் குறுக்கிடுவது அங்கேதான்.

சிகரெட்டிலுள்ள நிக்கோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தம் சுமந்து செல்லும் உயிர்வளியைக் குறைக்கிறது. புதிய எலும்புக்கு வேண்டிய இவ்விரண்டும் குறைந்தால் புண் ஆறத் தாமதமாகும். சீழும் எளிதில் பிடிக்கும்.

மதுவின் தீங்கு இதனினும் பெரிது. எலும்பை உருவாக்கும் உயிரணுக்களின் வேலையை அது மந்தமாக்குகிறது. கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலைக் குறைக்கிறது. பல் வரிசையில் ஏற்படும் முறிவு வாயினுள் திறந்தே இருப்பதால், அங்குள்ள கிருமிகள் எலும்பு வரை செல்ல வழியுண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் உணவைக் குறைத்துக்கொள்வதால் புரதமும் வைட்டமின்களும் முன்பே குறைந்திருக்கும். கம்பி கட்டிய வாயால் சோறு உண்ண முடியாது. மது அருந்துவதை மட்டும் அக்கம்பி தடுப்பதில்லை. எனவே சில வீடுகளில் புட்டியே உணவாகிவிடுகிறது. போதையில் மீண்டும் விழுவதும், கம்பியைத் தாமே பிடுங்குவதும் நேர்கின்றன. முனைகள் அசைந்துகொண்டே இருந்தால் எலும்பு கூடாமற்போகும். பின்னர் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்துப் பொருத்தும் பெரிய அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம்.

வாய் கட்டப்பட்டவர் குடித்துவிட்டு வாந்தி எடுப்பது உயிருக்கே ஆபத்தாகும். வாந்தி வெளியேற வழியின்றி மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும். அவ்வேளையில் அவரை மல்லாந்து படுக்கவிடாமல், உட்கார வைத்து, முன்புறம் குனியச் செய்ய வேண்டும். கம்பி வெட்டும் கருவியை எப்போதும் அவர் அருகிலேயே வைத்திருக்க வேண்டும். எந்தக் கம்பியை வெட்டுவது என்பதை, வீடு திரும்பும் முன்பே வீட்டார் மருத்துவமனையில் கேட்டு, கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது நன்று.

மற்றொன்று, நம்மவர் மறைக்கும் செய்தி. "எவ்வளவு குடிப்பார்?" என்று மருத்துவர் கேட்கும்போது, வெட்கத்தினால், "எப்போதாவது கொஞ்சம்" என்று மனைவியோ தாயாரோ சொல்லிவிடுகின்றனர். நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் தோன்றலாம். இரண்டாம், மூன்றாம் நாள்களில் சிலருக்கு வலிப்பும், இல்லாததைக் கண்டு பிதற்றும் நிலையும் ஏற்படும். தாடையைத் தைத்துக் கட்டிய நிலையில் இது எத்துணைக் கொடியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உண்மை முன்பே தெரிந்தால் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து மருத்துவர் தடுத்துவிடுவார். குடிப்பவரை இழிவுபடுத்த அவர் அதைக் கேட்பதில்லை. அதே காரணத்தால், வீட்டில் தாமாகவே நிறுத்த முயல்வோரும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே நிறுத்துவது பாதுகாப்பானது.

போதைப்பொருளுக்கும் இது பொருந்தும். சியாபு எடுப்பவருக்கு வாய் உலர்ந்து பற்கள் சொத்தையாகும். பல்லை இறுகக் கடிக்கும் பழக்கமும் வரும். அந்த அழுத்தம் முழுவதும் தகட்டின்மேல் விழுகிறது. ஹெராயின் பழக்கமுடையவருக்கு வழக்கமான அளவு வலி மருந்து போதாமற்போகலாம். மருத்துவரிடம் சொல்லாவிடில் வலி தாளாமல் மருத்துவமனையை விட்டே சென்றுவிடுவார். 2005ஆம் ஆண்டில் நம் நாட்டில் மெத்தடோன் சிகிச்சைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் இருப்பவர் தம் அளவைத் தவறாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இனி உணவு. பருப்பைக் கரைத்து வடித்த நீர், அரைத்த கஞ்சி, பால், மைலோ, வடிகட்டிய கோழிச் சாறு ஆகியவற்றை ஒரே வேளையில் திணிக்காமல், நாளொன்றுக்கு ஆறேழு முறை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் வாயைக் கொப்பளித்து, சிறிய மென்தூரிகையால் பற்களைத் துலக்க வேண்டும். சம்சுவால் கொப்பளித்தால் கிருமி சாகும் என்று சிலர் கூறுவர். அது புண்ணை எரிக்குமேயன்றி ஆற்றாது.

வலி குறைந்துவிட்டது என்று மறுபரிசோதனைக்குச் செல்லாமல் இருப்போர் பலர். எலும்பு கூடுவதற்கு நெடுநாள் முன்பே வலி குறைந்துவிடும். மோவாய் வீங்கினாலோ, வாயில் துர்நாற்றமும் சீழும் கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, பற்கள் முன்போல் பொருந்தாவிட்டாலோ, குறித்த நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இடையில் குடித்திருந்தாலும் தயங்காமல் செல்லலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடலாம்.