மாடி விட்டு மாடி தாவும் பிள்ளைகள்

சென்ற மாதம் நம் அறக்கட்டளைக்கு வந்த மருத்துவ உதவி மனுக்களில் ஒன்று, பதினோராம் வகுப்பு மாணவனுடையது. செல்போனில் பார்த்த வீடியோவை நம்பி, தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பக்கத்து மாடிக்குத் தாவியிருக்கிறான். மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். மனுவோடு வந்த அவனுடைய அத்தா, "இந்தப் பார்க்கூரைக் கண்டுபிடிச்சவன் மட்டும் கையில கிடைக்கட்டும் பாய்" என்றார். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனால் அது எப்படித் தோன்றியது என்று தேடிப் படித்தபின், அந்தப் பிள்ளை செய்தது பார்க்கூரே அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

1902-இல் கரீபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து, செயின்ட் பியர் நகரமே அழிந்தது. மாண்டவர்கள் சுமார் 28,000 பேர். அங்கே மீட்புப் பணியில் ஈடுபட்ட ஜார்ஜ் எபேர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, பின்னாளில் ஓடுதல், தாவுதல், ஏறுதல், சுமத்தல், நீந்துதல் எல்லாம் சேர்ந்த பயிற்சி முறை ஒன்றை வகுத்தார். பிறருக்குப் பயன்படத்தான் உடல் வலிமை என்பது அவர் கொள்கை. பிரெஞ்சு இராணுவத்தின் தடை தாண்டும் பயிற்சி இந்த வழியில் வளர்ந்தது. அதில் பழகிய ரேமோன் பெல், பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். அவருடைய மகன் டேவிட் பெல்லும் நண்பர்களும் பாரிசுக்குத் தெற்கே லிஸ், எவ்ரி புறநகர்களில் வளர்த்தெடுத்ததே பார்க்கூர்.

ஆக, இதன் வேர் தீயணைப்பு வீரரின் உழைப்பில் இருக்கிறது. முறையாகப் பழகுபவர்கள் முதலில் தரை மட்டத்தில்தான் பழகுகிறார்கள். சின்னத் திட்டிலிருந்து முழங்காலை மடக்கிச் சத்தமில்லாமல் இறங்குவது, வேகம் மிஞ்சினால் தோளை ஊன்றி உருள்வது, ஒரே தாவலைத் திரும்பத் திரும்பச் செய்வது என்று மாதக்கணக்கில் போகும். முப்பது விநாடி வீடியோவில் இந்த மாதங்கள் தெரிவதில்லை. கடைசித் தாவல் மட்டுமே தெரிகிறது.

பிறகு சினிமா வந்தது. 2001-இல் 'யமகாசி', 2006-இல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'கேசினோ ராயல்'. உலக ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் 2017-இல் இதைத் தன் பிரிவாக்க முனைந்தபோது, பழகுபவர்கள் பலர் எதிர்த்தார்கள். ஆனாலும் 2022-இல் டோக்கியோவில் உலகப் போட்டியே நடந்துவிட்டது. மதிப்பெண் வந்துவிட்டால் பார்ப்பவர் கைதட்டலுக்காகத் தாவத் தோன்றும். நம் ஊர் ஜிம்மில் கண்ணாடி முன்னால் நின்று புஜத்தைப் படம் எடுக்கிற பழக்கமும் இதே வகைதான். புரோட்டீன் பவுடர் டப்பா விலையைக் கேட்டால் மயக்கமே வரும், அது வேறு கதை.

இதற்குக் கட்டணமும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். காஸாவின் கான் யூனிஸில் முற்றுகைக்கு நடுவிலும் இளைஞர்கள் மணல்மேட்டில் இதைப் பழகினார்கள்.

அந்தப் பிள்ளையின் கட்டுப் பிரித்த அன்று கேட்டேன்: "வீட்டில் தீப்பிடித்தால் உன் பெத்தம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவாயா?" சிரித்தான், பதில் சொல்லவில்லை.

வெறும் தடை போட்டால் பிள்ளைகள் நமக்குத் தெரியாமல் தாவுவார்கள். நீளம் தாண்டும் மணல் குழி ஒன்று கிடைத்திருக்கிறது. ஞாயிறு காலைகளில் வர உடற்கல்வி ஆசிரியர் ஒருவரும் இசைந்திருக்கிறார். விருப்பமுள்ள பெற்றோர் அறக்கட்டளை அலுவலகத்தில் பிள்ளைகளின் பெயரைப் பதியலாம். முதல் நாள் பெற்றோரும் கூட வர வேண்டும்.