எலும்பு விழுங்கியும் முற்றம் கூட்டும் பெண்களும்

இந்தியாவின் வடகிழக்கே உள்ள அசாம் மாநிலத்தைச் சேர்ந்த உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன். ஐந்து வயதில் பெற்றோரையும் சகோதரரையும் பிரிந்து, பிரமபுத்திரா நதிக்கரையில் பாட்டியுடன் வாழ வந்தவர். ஓயாது அழுத பிள்ளையைத் தேற்றுவதற்காக, கமம் செய்துவந்த பாட்டி வயலுக்கும் சதுப்புநிலத்துக்கும் கூட்டிச் சென்று பறவைகளைக் காட்டினார். அதுவே அவரது முதற் பாடம்.

2007இல் ‘ஹர்கிலா’ என்னும் பெருநாரை பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை அவர் தொடங்கினார். எலும்பு விழுங்கி என்பதே அப்பெயரின் பொருள். மொட்டைத் தலை, கழுத்தில் தொங்கும் பை, ஏறக்குறைய ஐந்தடி உயரம். (இதன் சிறிய இனம் எமது உலர்வலயக் குளக்கரைகளிலும் உண்டு.) மக்களின் வளவுகளில் நிற்கும் உயர்ந்த மரங்களிலேயே இது கூடு கட்டும். எச்சமும் அழுகிய இறைச்சித் துண்டும் முற்றத்தில் விழும். அபசகுனம் என்றும் ஊரார் நம்பினர். அந்த முற்றத்தைக் கூட்டுபவள் பெண்தானே! அவர்களது வெறுப்பில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

தாதரா கிராமத்தில் ஒருவர் தமது மரத்தை வெட்டியபோது கூடுகளோடு குஞ்சுகளும் கீழே விழுந்தன. ஏன் என்று கேட்ட பூர்ணிமாவை அயலவர் சூழ்ந்துநின்று ஏசினர். இரட்டைப் பெண் குழந்தைகளின் தாயான அவருக்கு அக்குஞ்சுகளை மறக்க முடியவில்லை. பறவையே இல்லாமற் போனால் ஆய்வு எதற்கு என்று பட்டப்படிப்பைத் தள்ளிவைத்தார்.

பின்னர் அவர் தேடிச் சென்றது பெண்களைத்தான். சமையற் போட்டி வைத்தார். குஞ்சு பொரிக்கும் காலத்தில், கர்ப்பிணிகளுக்குச் செய்வதுபோல் பறவைக்கும் வளைகாப்பு நடத்தினார். குஞ்சுகள் விழுந்து சாகாதபடி மரங்களின் கீழ் வலை கட்டப்பட்டது. பெண்களுக்குத் தறியும் நூலும் கிடைத்தன. ஹர்கிலா உருவம் பொறித்த சேலைகளை நெய்து விற்கின்றனர். தையல் மெஷினைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போய்விடும் திட்டங்கள் பலவற்றை என் வேலையில் கண்டிருக்கிறேன். இங்கோ எதை நெய்வது, அதை ஏன் பிறர் விரும்பி வாங்குவர் என்பதும் தறியோடு சேர்ந்தே வந்துள்ளது.

‘ஹர்கிலா படை’ எனும் இவ்வமைப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தனர். தாதராவிலும் அயலிலுள்ள இரு கிராமங்களிலும் 28 ஆக இருந்த கூடுகள் 250ஐத் தாண்டின. 2022இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் அவருக்கு ‘பூமியின் வீரர்’ விருதை வழங்கியது.

தள்ளிவைத்த ஆய்வையும் அவர் கைவிடவில்லை. தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 2019இல் அதனை முடித்தார்.