நீர் படாத சிமிழ்

நம் பாட்டிமார் பித்தளைக் குடத்தைப் பேணும் முறையைக் கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது நீங்கள் கண்டிருக்கலாம். முதல்நாள் எஞ்சிய நீரின்மேல் புதுநீரை ஊற்ற அவர்கள் இசையார். பழைய நீரைக் கொட்டுவர், புளியிட்டு உட்புறமெல்லாம் அழுந்தத் தேய்ப்பர், நீரால் அலம்புவர், பின்பு குடத்தைக் கவிழ்த்து உலர விடுவர். இந்த நான்கு செயல்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டியைப் பற்றி இப்பாடத்தில் படிக்கப் போகிறோம். குடத்திற்குரிய முறை அதற்கும் பொருந்தும். ஒன்று மட்டும் பொருந்தாது. அது, நீரால் அலம்புதல்.

கண்ணின்மேல் பொருத்திக்கொள்ளும் காண்டாக்ட் லென்சுக்குத் தொடுவில்லை என்பது தமிழ்ப்பெயர். அதனை இரவில் இட்டுவைக்கும் பெட்டிக்கு இரண்டு குழிகளும் இரண்டு மூடிகளும் உண்டு. குங்குமச் சிமிழ் இரண்டை ஒட்டி வைத்தாற்போல இருப்பதால், இங்கு அதனைச் சிமிழ் என்றே அழைப்போம். கொல்கத்தாவில் வாழும் நம் பிள்ளைகள் பல காரணங்களுக்காகத் தொடுவில்லை அணிகின்றனர். பரதநாட்டிய மேடையில் மூக்குக்கண்ணாடி பொருந்தாது என்பதற்காக அணிவோர் சிலர். கால்பந்து ஆடும்போது கண்ணாடி உடையும் என்று அஞ்சி அணிவோர் சிலர். துர்க்கா பூசை நாள்களில் புத்தாடைக்கு ஏற்ப நிறவில்லை வாங்குவோரும் உளர். வில்லையைப் பற்றிக் கடைக்காரரிடம் பலவற்றைக் கேட்டறியும் இவர்கள் சிமிழைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கரைசல் புட்டியோடு விலையின்றி வருவதால் அதற்கு மதிப்பில்லை போலும்!

தொடுவில்லைகள் முதலில் கண்ணாடியால் செய்யப்பட்டன. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பணியாற்றிய கண் மருத்துவர் அடால்ஃப் ஃபிக் அத்தகைய வில்லைகளைப் பற்றி 1888-இல் எழுதினார். அவற்றை நெடுநேரம் அணிந்திருக்க இயலவில்லை. இன்று பெரும்பாலோர் அணியும் மென்வில்லைக்கு வழிவகுத்தவர் செக் நாட்டு வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே. 1961-ஆம் ஆண்டுக் கிறித்துமசு நாள்களில் அவர் தம் வீட்டிலேயே, சிறுவர்களின் கட்டுமான விளையாட்டுப் பொருள்களையும் மிதிவண்டி டைனமோவையும் இணைத்து ஒரு சுழல்கருவியை அமைத்தார். அதில் வார்த்தெடுத்த வில்லைகள் மென்மையாக இருந்தன. அம்மென்மைக்குக் காரணம் நீர். பஞ்சு நீரை ஏற்பதுபோல மென்வில்லை ஈரத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. ஈரம் போனால் அது சருகுபோல் உலர்ந்து நொறுங்கும். ஆகவேதான் இரவு முழுவதும் அது கரைசலில் மூழ்கியிருக்க வேண்டும். அதற்காகத்தான் சிமிழ் வேண்டியிருக்கிறது. ஒருநாள் மட்டும் அணிந்து எறியும் வில்லைகளும் உண்டு. அவற்றுக்குச் சிமிழ் தேவையில்லை.

இனி, கண்ணைப் பற்றிச் சிறிது அறிவோம். கடிகாரத்தின் முகப்பில் கண்ணாடி இருப்பதுபோல, நம் விழியின் முகப்பில் ஒளி ஊடுருவும் ஒரு படலம் இருக்கிறது. அதற்குக் கார்னியா என்று பெயர். நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதில் குருதிக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளிக்குத் தடையாகும். தனக்கு வேண்டிய ஆக்சிசனைக் காற்றிலிருந்து கண்ணீரின் வழியாகப் பெறுகிறது. தொடுவில்லை இந்தப் படலத்தின்மேல்தான் அமர்கிறது. வில்லையில் நோய்க்கிருமி ஒட்டியிருந்தால், கண்ணீர் அதனைக் கழுவி வெளியேற்ற முடியாமல், கிருமி கார்னியாவோடு நெருங்கிக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் ஒன்று இருந்தால் போதும், உள்ளே புகுந்து புண்ணை உண்டாக்கிவிடும். கையில் ஏற்பட்ட புண் ஆறினால் தழும்பு எஞ்சும். அதனால் தீங்கொன்றும் இல்லை. கார்னியாவின் நடுவே புண் ஆறினாலும் தழும்பு எஞ்சும்; ஆனால் அத்தழும்பு பார்வையை மறைக்கும். அந்நிலையில், இறந்தவர் ஒருவர் தானமாகத் தந்த கார்னியாவைப் பொருத்தும் அறுவை மருத்துவம் பலருக்குத் தேவைப்படுகிறது.

அக்கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கையிலிருந்தும் நீரிலிருந்தும் வருகிறது. கையைக் குறை கூறினால் நாம் ஒப்புக்கொள்வோம். நீரைக் குறை கூறினால் ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. வாசலைத் தெளிப்பதும் கால் கழுவி வீட்டினுள் நுழைவதும் நீராலேதான். நீர் தூய்மை செய்யும் பொருள் என்று பழகிய நமக்கு, நீரே அழுக்காகும் இடமும் உண்டு என்பது வியப்பைத் தரும்.

தெளிந்த நீர் தூய நீராகாது என்பதற்கு நாம் வாழும் இந்நகரே சான்று. ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ராபர்ட் கோக் 1883-ஆம் ஆண்டு திசம்பரில் கல்கத்தாவுக்கு வந்தார். காலராவால் இறந்தோரின் குடலில் காற்புள்ளிபோல் வளைந்த நுண்ணுயிரைக் கண்டார். 1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலும் அதே நுண்ணுயிரைக் கண்டறிந்தார். இன்று நிலைமை வேறு. ஹூக்ளி ஆற்று நீர் பல்டா நிலையத்தில் வடிகட்டப்பட்டு, குளோரின் சேர்க்கப்பட்டு, வடகொல்கத்தாவில் உள்ள டாலா மேல்நிலைத் தொட்டிக்கு வருகிறது. 1911-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த இரும்புத் தொட்டி 90 லட்சம் கேலன் நீரைக் கொள்ளும். அங்கிருந்து குழாய்வழி வந்து, நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் தங்கி, பின்பு குழாயில் இறங்குகிறது. அது குடிநீர்தான். ஆயினும் குடிப்பதற்கு ஏற்ற நீர் வேறு, நுண்ணுயிர் சிறிதும் அற்ற நீர் வேறு. வயிற்றுக்குள் செல்லும் கிருமிகளில் பலவற்றை இரைப்பையின் அமிலம் அழிக்கிறது. கண்ணில் அத்தகைய அமிலம் இல்லை.

குழாய்நீரிலும் தொட்டியிலும் மண்ணிலும் வாழும் உயிர்களுள் அகாந்தமீபா என்னும் ஒருசெல் உயிர் குறிப்பிடத்தக்கது. இடர் நேர்ந்தால் அது தன்னைச் சுற்றி இரட்டைச் சுவருள்ள கூடு ஒன்றைக் கட்டிக்கொண்டு உறங்கும். குழாய்நீரில் கலந்துள்ள குளோரின் அக்கூட்டை அழிக்காது. உலர்ந்தாலும் அது மடியாது. நல்ல சூழல் வாய்த்ததும் கூட்டைவிட்டு வெளியேறும். இவ்வமீபா கார்னியாவைத் தாக்குவது அரிது. தாக்கினால் கடும் வலி உண்டாகும். மருத்துவம் பல மாதங்கள் நீளும். அமீபாவுக்கு உணவு பாக்டீரியா. எனவே பாக்டீரியா பெருகிய சிமிழ் அமீபாவுக்கு விருந்து மண்டபமாகிறது.

பாக்டீரியா சிமிழில் பெருகும் விதத்தை அறிய மீண்டும் குடத்திடம் செல்வோம். பல நாள் தேய்க்காத குடத்தின் உட்புறத்தை விரலால் தடவினால் வழுவழுக்கும். அவ்வழுவழுப்பு, பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிச் சுரந்த பசையால் ஆனது. அதனை நுண்ணுயிர்ப் படலம் என்பர். சிமிழின் குழியிலும் மூடியின் திருகு வரைகளிலும் இதே படலம் உருவாகிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. கரைசலில் உள்ள கிருமிக்கொல்லி, மிதக்கும் கிருமிகளை எளிதில் கொல்லும். பசைக்குள் பதுங்கிய கிருமிகளை அவ்வளவு எளிதில் எட்டாது. கோட்டைக்குள் இருப்பவர்மேல் மதிலுக்கு வெளியே நின்று அம்பெய்வதைப் போன்றது அது. மதிலை இடிக்க வேண்டும். அதாவது தேய்க்க வேண்டும். பாட்டி புளியிட்டுத் தேய்த்ததன் பொருள் இதுவே.

இவையெல்லாம் வெறும் அச்சமூட்டல் என்று யாரேனும் கருதலாம். 1980-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பலர் உப்பு மாத்திரையைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, வில்லைக்கான உப்புநீரை வீட்டிலேயே செய்துகொண்டனர். செலவு குறைந்தது, அகாந்தமீபா நோய் கூடியது. காய்ச்சி வடித்த நீரும் திறந்து வைத்தபின் கிருமியற்றதாக நிலைப்பதில்லை என்பது அப்போது தெளிவாயிற்று. 2006-இல் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் வில்லை அணிவோர் பலருக்கு ஃபுசேரியம் என்னும் பூஞ்சையால் கார்னியாவில் புண் உண்டாயிற்று. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு அந்நோய் உறுதி செய்யப்பட்டது. ஒரு குறிப்பிட்ட கரைசலோடு அதற்குத் தொடர்பு இருந்ததால், அதனைச் செய்த நிறுவனம் அவ்வாண்டு மே மாதத்தில் உலகெங்கும் அதனைத் திரும்பப் பெற்றது. அந்த ஆய்வில் இன்னோர் உண்மையும் வெளிப்பட்டது. நோயுற்றோரிடம், சிமிழில் கிடந்த பழைய கரைசலையே மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் மற்றவரைவிட மிகுதியாக இருந்தது. பழைய நீரின்மேல் புதுநீர் ஊற்றலாகாது என்ற பாட்டியின் சொல்லை அவர்கள் கேட்டதில்லை.

அப்படியாயின் சிமிழை எவ்வாறு பேணுவது? நாளும் காலையில் முதலில் சோப்பிட்டுக் கை கழுவி, நூலிழை ஒட்டாத துணியால் ஈரம் சிறிதும் இல்லாமல் துடைக்க வேண்டும். வில்லைகளை அணிந்தபின், சிமிழில் உள்ள கரைசல் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். இரவு மட்டுமே பயன்பட்டது, பார்ப்பதற்குத் தெளிவாகத்தானே இருக்கிறது என்று எண்ணுதல் கூடாது. அதன் கிருமி கொல்லும் ஆற்றல் செலவாகிவிட்டது. பிறகு குழிகளிலும் மூடிகளிலும் புதிய கரைசலை ஊற்றி, தூய விரலால் சில நொடிகள் அழுந்தத் தேய்த்து, மீண்டும் கரைசலாலேயே அலம்ப வேண்டும். குழாய்நீர் வேண்டா. வடிகட்டிய நீரும், காய்ச்சி ஆறவைத்த நீரும், கங்கை நீரும் வேண்டா. பாத்திரம் துலக்கும் சோப்பும் வேண்டா. அலம்பியபின் உட்புறத்தைத் தூய மென்தாளால் துடைத்து, மூடிகளைக் கழற்றியபடியே, சிமிழையும் மூடிகளையும் புதிய மென்தாளின்மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். இரவில் புதுக்கரைசல் நிரப்பி வில்லைகளை இடவேண்டும். உப்புநீர் மட்டும் அடங்கிய புட்டிகளும் கடையில் கிடைக்கும். அவை வில்லையை அலம்பப் பயன்படுமேயன்றிக் கிருமியைக் கொல்லா. ஆகவே வாங்கும்போது சீட்டைப் படித்தல் நன்று. ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலுக்கு அதனுடன் வரும் தனிச்சிமிழையே பயன்படுத்த வேண்டும். அதனைப் பொதுச்சிமிழில் ஊற்றி, அதில் ஊறிய வில்லையை அப்படியே அணிந்தால் கண் எரிந்து புண்படும்.

கவிழ்த்து வைத்தால் காய்ந்துவிடுமா என்று மழைக்காலக் கொல்கத்தாவில் கேட்பது நியாயமே. சூலை, ஆகத்து மாதங்களில் இங்குக் கொடியில் இட்ட துணியே இரண்டு நாள் ஈரம் மாறாது கிடக்கும். அதனால்தான் மென்தாளால் துடைக்கும் செயலை இங்கு ஒருநாளும் விடலாகாது. இடமும் முக்கியம். குளியலறைக் கண்ணாடியின் கீழுள்ள பலகையில் சிமிழை வைப்பதே பலர் வழக்கம். குளிக்கும்போது தெறிக்கும் நீரும், கழிப்பறையைத் திறந்தபடி நீர் பாய்ச்சும்போது எழும் நுண்துளிகளும் அங்குப் படியும். படிக்கும் அறையில், காற்றோட்டமான ஓரிடத்தில், தூசு படாமல் வைப்பதே தக்கது. குளிக்கும்போதும் நீந்தும்போதும் வில்லை கண்ணில் இருத்தல் ஆகாது. பூசைப் பந்தல்களைச் சுற்றிவிட்டு விடியற்காலையில் திரும்பி, களைப்பில் வில்லையோடு உறங்குவதும் ஆகாது.

அரிதாக அணிவோர்க்கே இடர் மிகுதி எனலாம். சென்ற நவராத்திரி நடனத்திற்கு அணிந்த வில்லையை அடுத்த நிகழ்ச்சிவரை அதே கரைசலில் விட்டுவைப்போர் இருக்கின்றனர். மாதக்கணக்கில் கிடந்த கரைசல் கிருமியைத் தடுக்காது. இவர்களுக்கு ஒருநாள் வில்லையே ஏற்றது. தோழியின் நிறவில்லையை வாங்கி அணிவதும் அவள் சிமிழைப் பகிர்வதும் வேண்டா. சிமிழ் எவ்வளவு நன்றாகப் பேணப்பட்டாலும் மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் அதனை மாற்ற வேண்டும். விரிசல் கண்டால் அன்றே மாற்ற வேண்டும். புதுச்சிமிழின் அடியில் அது பயன்பாட்டுக்கு வந்த நாளை எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

கண் சிவத்தல், வலித்தல், வெளிச்சத்தைக் கண்டு கூசுதல், பார்வை மங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் வில்லையை உடனே கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா ஓரிரு நாள்களிலேயே கார்னியாவைச் சிதைக்க வல்லது. மருந்துக்கடையில் தாமாகவே சொட்டு மருந்து வாங்கி விடுதல் கூடாது. சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். அது சிவப்பைக் குறைத்துக் குணமானதுபோலக் காட்டும். உள்ளே பூஞ்சையும் அமீபாவும் வளர இடங்கொடுக்கும். கொல்கத்தா மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அரசின் வட்டாரக் கண் மருத்துவ நிலையம் இருக்கிறது. சென்னையில் 1978-இல் தொடங்கப்பட்ட சங்கர நேத்ராலயாவுக்கும் இந்நகரில் கிளை உண்டு.

மருத்துவரிடம் செல்லும்போது வில்லையையும் சிமிழையும், உள்ளே கரைசல் இருந்தால் அதையும் கொட்டாமல், எடுத்துச் செல்ல வேண்டும். கண்ணிலிருந்து எடுக்கும் மாதிரி மிகச் சிறியது. சிமிழில் கிருமி மிகுதியாகக் கிடைக்கும். ஆய்வகத்தில், கடற்பாசியிலிருந்து பெறப்படும் அகர் என்னும் கூழைத் தட்டில் உறையவைத்து, அதன்மேல் பாக்டீரியாக்களை மெல்லிய விரிப்பாகப் பரப்பி, சிமிழில் எஞ்சிய துளியை அங்கு இடுவர். அமீபா இருந்தால் அது பாக்டீரியாக்களை உண்டபடியே நகரும். சில நாள்கள் கழித்து நுண்ணோக்கியால் பார்த்தால், புல்வெளியில் ஆடுகள் மேய்ந்து சென்ற வழிபோல, அது சென்ற தடம் தெரியும்.