சிகிச்சைக்குப் பின் கையைக் கவனியுங்கள்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்ததும் வீட்டார் நிம்மதியாகிவிடுகிறோம். கையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

அறுவையின்போது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பதுண்டு. ரயில்வேக்காரனான எனக்கு இப்படித்தான் புரிந்தது: தண்டவாள ஓரத்து வடிகால் அடைபட்டால் நீர் தேங்கும். அதுபோல், வடிய வழியில்லாத நிணநீர் கையில் தேங்கி வீக்கமாகிறது. சில வருடங்கள் கழித்தும் வரலாம். வளையல் இறுகுவதும் ரவிக்கைக் கை பிடிப்பதும் ஆரம்ப அடையாளங்கள்.

என் தங்கை ஹாஸ்ராவிலுள்ள சித்தரஞ்சன் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவள். (1950இல் அதைத் திறந்து வைத்தவர் மேரி கியூரியின் மகள் ஐரீன்!) இரண்டு வருடம் கழித்துக் கை வீங்கியதை முந்தானையால் மறைத்துக்கொண்டாள். கொலுவுக்கு அழைத்தால்கூடப் போகவில்லை. எங்களிடம் சொல்லவே ஒரு மாதம் ஆயிற்று. இதில் தாமதம் கூடாது. நாளாக நாளாகத் தோலும் அதன் கீழுள்ள திசுவும் தடித்துவிடும்.

கையை அசைக்காமல் வைத்திருப்பதும் தவறு, தோள் இறுகிவிடும். டாக்டர் சொல்லும் பயிற்சியுடன் பளுவைப் படிப்படியாகக் கூட்டலாம். கரியாஹாட் மார்க்கெட்டிலிருந்து ஒரேயடியாகப் பெரிய பையைத் தூக்குவதுதான் ஆகாது. அதை ஆண்கள் நாம் தூக்குவோமே! அரிவாள்மணை வெட்டு, தோசைக்கல் சூடு எதுவும் அந்தக் கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கை சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். வீக்கத்துக்கு அழுத்த உறை தருவார்கள். அளவெடுத்து வாங்க வேண்டியது அது, நடைபாதையில் பேரம் பேசி வாங்குவதல்ல.